சாம்பல் நிற உறை

"நம்ம டைரக்டர் காரு அந்த முடி வைக்கிற கடை வாசல்ல நிக்குதுப்பா. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

லிஃப்டில் துணை இயக்குநர் இதைக் கண்காணிப்பாளரிடம் சொன்னார். பின்னால் கோப்புக் கட்டோடு நான் நின்றிருந்தேன். அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை, அது வழக்கம்தான். என் கோப்புக் கட்டுக்கும் பின்னால், கைக்குட்டையால் தலையைத் துடைத்தபடி இயக்குநர் நின்றிருந்தார். அது வழக்கமில்லை.

அந்த ஆண்டைத் தலைமையகம் 'இளமையான நிர்வாக ஆண்டு' என்று அறிவித்திருந்தது. தலைமைப் பதவி ஒன்று காலியாக இருந்தது. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு நேர்காணல். எங்கள் இயக்குநருக்கோ இரண்டு காதுகளுக்கு மேலே மட்டும்தான் இளமை மிச்சம் இருந்தது.

லிஃப்டில் அது நடந்த அன்று மதியமே இயக்குநரின் டிரைவருக்கு மெமோ வந்தது. 'வாகனத்தை அடையாளம் தெரியும்படி நிறுத்தியமைக்கு' விளக்கம் கேட்டிருந்தார்கள். இன்னொரு மெமோ வந்தால் வேலை போய்விடும் என்று கடைசி வரியில் இருந்தது. அவர் மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

"காரைப் பார்த்தா கார் மாதிரி தெரியக் கூடாதுன்னா நான் என்னம்மா பண்ணட்டும்?" என்று என்னிடம் கேட்டார்.

பதில் சுற்றறிக்கையாக வந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன். 'அதிகாரிகளின் தனிப்பட்ட ரகசியச் சந்திப்புகளின்போது அடையாளம் மற்றும் வாகனப் பாதுகாப்பு' என்பது தலைப்பு. மேலே சிவப்பில் 'மிக ரகசியம்'. எல்லாப் பிரிவுக்கும் நகல், அறிவிப்புப் பலகைக்கு இரண்டு.

அதன்படி, காரை நிறுத்தியதும் பண்டகசாலையில் தரும் சாம்பல் நிற உறையால் எண் பலகை உட்பட மூட வேண்டும். அடையாள அட்டையையும் செல்போனையும் அலுவலகத்திலேயே பூட்டிவிட்டுப் போக வேண்டும். 'நான்தான்' என்று வாயால் சொல்லும் எவரையும் டிரைவர் நம்பக் கூடாது. காரில் இருக்கும் புகைப்படத்தோடு ஒப்பிட்டே கதவைத் திறக்க வேண்டும். ரகசியச் சந்திப்புப் பதிவேட்டில் பெயர், கார் எண், ரகசியத்துக்கான காரணம் மூன்றையும் தெளிவான கையெழுத்தில் எழுத வேண்டும். பதிவேட்டோடு ஓர் ஊழியர் சாட்சியாகப் போக வேண்டும். அங்கே கண்டவர் யார் என்பதை அவர் யாரிடமும் சொல்லக் கூடாது.

சாட்சியாக என்னை அனுப்பினார்கள். நான் பேசமாட்டேன் என்பது தகுதியாகக் கருதப்பட்டது.

வியாழக்கிழமை ஒரு மணிக்குக் கடைக்குப் போனோம். வாசலில் ஏற்கெனவே நான்கு கார்கள் சாம்பல் நிற உறையோடு நின்றன. எல்லா உறையிலும் எங்கள் பண்டகசாலை முத்திரை. டிரைவர் ஐந்தாவதாக நிறுத்தி, எங்கள் உறையைப் போட்டு, அடையாளத்துக்கு முனையில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தார்.

மூன்றரை மணிக்கு இயக்குநர் வெளியே வந்தார். நெற்றியில் கருகருவென்று சுருள் புரண்டது. பத்து வயது குறைந்திருந்தார் என்பதைப் பதிவேட்டில் எழுத இடமில்லை.

"எடுப்பா வண்டியை! நாலு மணிக்கு அங்க இருக்கணும்."

டிரைவர் முன் கதவுப் பக்கம் மட்டும் உறையைத் தூக்கி, கையை விட்டுப் புகைப்படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார்.

"போட்டோல முடி இல்லையே சார்."

"இப்ப இருக்குய்யா!"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

"என் குரல் கூடவா தெரியல? பதினோரு வருஷமா உன்னைத் திட்டிக்கிட்டிருக்கேன்!"

"திட்டுறது எங்க டைரக்டர் மாதிரியேதான் இருக்கு சார். ஆனா வாய்ப்பேச்சை நம்பக் கூடாதுன்னு போட்டிருக்காங்க."

"போட்டது யாரு? அதுல கையெழுத்துப் போட்டதே நான்தான்யா!"

"அப்படின்னா நீங்க சொன்னா திறந்துடலாம் சார். நீங்கதான்னு தெரியணும், அவ்வளவுதான்." டிரைவருக்குக் குரல் இறங்கியது. "கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஒரு மெமோ ஏற்கெனவே இருக்கு. தெரியாத ஆளுக்குக் கதவைத் திறந்தேன்னு ரெண்டாவது வந்தா, பொண்ணு படிப்பு நின்னுடும்."

இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீயாவது சொல்லு. நான் யாரு?"

பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "அது ரகசியம், சார்."

எதிரே பேருந்து நிறுத்தத்தில் இருபது பேர் இருந்தார்கள். பேருந்து ஒன்று வந்தது, யாரும் ஏறவில்லை. கடைக் கண்ணாடி வழியாக மணி தெரிந்தது: மூன்று முப்பத்தெட்டு.

இயக்குநர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தலைக்குக் கொண்டுபோய், கிளிப்புகளைத் தளர்த்தி, முடியை அப்படியே தூக்கினார்.

டிரைவர் படத்தைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"வணக்கம் சார்!" என்று உறையை முழுவதும் உருவிவிட்டுக் கதவைத் திறந்தார்.

அப்போது கடைக் கதவு மறுபடி திறந்தது. பின்னால் ஒரு குமாஸ்தா பதிவேடு தூக்கிவர, துணை இயக்குநர் படியிறங்கினார். தோள் தொடும் அலை அலையான முடி. இரண்டாவது காரருகே அவருடைய டிரைவர் கையில் ஒரு புகைப்படத்தோடு காத்திருந்தார்.

துணை இயக்குநர் இயக்குநரைப் பார்த்தார். பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தார். பிறகு காதுக்கு மேலே கையை வைத்து முதல் கிளிப்பைக் கழற்றினார்.