மெலனி கல்குலஸ் எடுக்க மாட்டாளாம்

மார்க்கம்,
மாசி 2010

அன்பின் மச்சான் இக்னேசியஸுக்கு,

அந்தோனியார் கிருபையால் இங்கே நானும் உமது தங்கை யூஜினியும் மகள் மெலனியும் சுகம். சண்டை முடிய அடைத்து வைத்த முகாமிலிருந்து விடுபட்டு மன்னாருக்கு வந்த நீரும் இப்போதாவது வயிறாரச் சாப்பிட்டு, பயமில்லாமல் உறங்குகிறீர் என்று நம்புகிறோம். போனில் சொல்லியிருக்கலாம். யூஜினி பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துவாள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். மெலனிக்கு வருகிற வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். கல்குலஸ் அல்லது புள்ளிவிபரம், ஒன்றைத்தான் எடுக்கலாம். இரண்டுக்கும் நேரசூசியில் இடமில்லையாம். பிள்ளை புள்ளிவிபரம்தானாம். பங்குனி முடிவதற்குள் நான் கையெழுத்து வைக்க வேண்டும். மச்சான், இங்கே கல்குலஸ் என்கிற அந்த வகையீடும் தொகையீடும் படித்தவர்கள் நாம். புள்ளிவிபரம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது, குடையும் கையுமாக வந்து வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடு என்று கேட்டுப் போகிற விதானையார்தான். அதற்கா கனடாவுக்கு வந்தோம்?

விடுவேனா? யூனியன்வில்லில் இரத்தினவேல் அண்ணை வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், சோற்றுக் கோப்பையோடு நின்ற ஆம்பிளைகள் அத்தனை பேரிடமும் கேட்டேன். ஒருவர் தப்பாமல் கல்குலஸ் என்றார்கள். இரத்தினவேல் அண்ணை நான் கேட்டு முடிய முதலே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து மகளிடம் முடிவை அறிவித்தால், அவள் சிரிக்கிறாள்.

"உது சாம்பிளே இல்லையப்பா. எல்லாரும் அங்கிள்மார், எல்லாரும் ஒரே ஊர், ஒரே வயசு. அன்ரிமாரிட்டக் கேட்டனீங்களோ?"

"என்னட்டையே இன்னும் கேக்கேல்லை" என்றாள் யூஜினி.

சரி, கல்குலஸின் அழகைக் காட்டினால் பிள்ளை மயங்கிவிடும் என்று பேனையும் தாளுமாகக் குந்தினேன். ஒரு தொகையீட்டைத் தொடங்கியதுதான் தாமதம், மச்சான், இராசரத்தினம் மாஸ்டரின் ரியூசன் கொட்டில் அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டது. உமது சைக்கிள், நீர் மிதிக்க நான் பாரில், இறங்கும்போது கால் இரண்டும் விறைத்துப் போயிருக்கும், மழைக்கு ஒழுகிற கிடுகுக் கூரை, வாங்கு நிறையப் பெடியளும் பெட்டையளும், மேலே ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றத் தொடங்கினால் மாஸ்டர் கரும்பலகையிலிருந்து திரும்பாமலே, "கணக்கை முடிச்சுப்போட்டுப் படுங்கோடா" என்பாரே, நாமும் முடித்துவிட்டுத்தானே நிலத்தில் படுத்தோம்! ஹெலியைவிட மாஸ்டருக்குத்தான் பயம். அந்த நாட்களை நினைக்க இப்போதும் ஆசையாக இருக்கிறது. இதையெல்லாம் மகளுக்குச் சொல்லிச் சொல்லி ஒரு பக்கம் நிறையக் கணக்கைப் போட்டு முடித்தேன். அவள் கல்குலேட்டரில் தட்டிப் பார்த்து விடை பிழை என்றாள். கல்குலேட்டர் பிழை என்றேன். யூஜினி தேத்தண்ணீர் வைக்க எழும்பிப் போய்விட்டாள்.

மெலனி போகவில்லை.

"உங்கட வகுப்பில எத்தினை பேரப்பா?"

"ஒரு முப்பது பேர் வரும்."

"இப்ப எத்தினை பேர் இருக்கினம்?"

விரல் மடக்கினேன். நான், நீர், ஒஷாவாவில் இருக்கிற ஜோசப்பின். அதற்கு மேல் விரலும் இருந்தது, பெயர்களும் வாயில் வந்தன. ஆட்கள் இருக்கிறார்களா என்றுதான் தெரியவில்லை.

"போன வருஷம் சண்டையை நிப்பாட்டச் சொல்லி டவுன்ரவுன் றோட்டில நிண்டு கத்தினம். ஊரில செத்தது எத்தினை பேர் எண்டு ஒவ்வொருத்தர் ஒவ்வொரு நம்பர் சொன்னவை. மாமா உயிரோட இருக்கிறாரோ எண்டுகூட அப்ப எங்களுக்குத் தெரியாது. ஆராவது ஒழுங்கா எண்ணப் படிக்கோணுமப்பா."

வாய் நீளம், தாய்வழி. ஆனாலும் தாய்மாமன் சொல்லைத் தட்ட மாட்டாள். ஆகவே நீர் உடனே ஒரு போன் கோல் எடுத்து, "கல்குலஸ் எடு" என்று ஒரே போடாகப் போட்டுவிட வேண்டும்.

மடுமாதா உம்மை இனியும் கைவிடாமல் காப்பாளாக. எல்லோருடைய அன்பும் இதனுடன் வருகிறது.

இப்படிக்கு,
உமது மச்சான் சீமோன்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் கையெழுத்து வைத்துவிட்டேன். புள்ளிவிபரத்துக்குத்தான். கோல் எடுக்கும்போது கல்குலஸ் என்ற சொல்லே உமது வாயில் வர வேண்டாம். மகள் நம் வகுப்பில் இருந்தவர்களைப் பற்றி ஒவ்வொருவராக உம்மிடம் கேட்கப் போகிறாள். தெரிந்ததை ஆறுதலாகச் சொல்லும், நானும் பக்கத்தில் இருப்பேன். இராசரத்தினம் மாஸ்டரிலிருந்து தொடங்கும்.