மணலுக்குள் போன பாறை

பயந்தால் சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு நீளும். அன்று நீண்டதை இன்றுவரை என்னால் சுருட்டி வைக்க முடியவில்லை.

நிலவியலில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு கடற்கரைப் பாதுகாப்புத் திட்டத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். திசையன்விளையைத் தாண்டி ஒரு மீனவ ஊர். அங்கே மணலும் சிப்பியும் இறுகி உருவான பழம்பாறை ஒன்று உண்டு. அதன் அருமையை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். மேலதிகாரியும் வருகிறார்; என் வேலை நீடிப்பது அவர் கையில். (கடலே இல்லாத பேட்டையில் பிறந்த எனக்குக் கடல் உப்பாக இருக்கும் என்பதற்கு மேல் அதிகம் தெரியாது. இதை விண்ணப்பத்தில் எழுதவில்லை.)

காலை எட்டு மணிக்குப் போனால், பாறையைக் காணோம்!

பத்து நாளுக்கு முன் நானே ஏறி நின்று படம் எடுத்த பாறை. இப்போது வெறும் மணல். அங்கும் இங்கும் ஓடினேன். குடைக்கம்பால் மணலைக் குத்திக் குத்திப் பார்த்தேன். குடைதான் உடைந்தது. அதற்குள் ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். பின்னாலேயே அதிகாரியின் ஜீப்.

அப்போதுதான் சற்றுத் தள்ளி, பாதி புதைந்த சாம்பல் நிறக் கட்டி ஒன்று கண்ணில் பட்டது. மேலெல்லாம் சிப்பி. 'இது அது இல்லை' என்றது மனசு. நாக்கு கேட்கவில்லை.

"இது உங்க பாட்டன் பூட்டனுக்கெல்லாம் மூத்தது. ஆயிரக்கணக்கான வருஷமா கடல் கட்டின கட்டடம்!" என்றேன். சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். (மரியாதை என்று நினைத்தேன்.)

அதிகாரி குனிந்தார். "இங்க கம்பி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கே?"

"இரும்புத் தாது சார். நாளாக நாளாக இப்படி நீளமாப் படியும்."

"முறுக்கிக்கிட்டா படியும்?"

"அலை அடிச்சு முறுக்கிரும் சார்."

மீன் வியாபாரம் செய்யும் லூர்தம்மாள் அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "யம்மா, இது எங்க வீட்டுக்காரரு ஐஸ் பெட்டி வைக்கதுக்குப் போட்ட காங்கிரீட்டுல்லா! கடல் அரிச்சுப் பேந்து கெடக்கு. பாட்டன் பூட்டங்கிய... அவரு அந்தா நிக்காரு!"

அந்தா நின்றவர் எனக்குக் கும்பிடு போட்டார். கடற்கரையே சிரித்தது. கடலில் குதிக்கலாம் என்றால் நீச்சல் தெரியாது. ஆகவே அழுதேன்.

லூர்தம்மாள் அக்கா சேலை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். (இரண்டு நாளைக்கு மீன் வாசம் போகவில்லை.) "எதைத் தேடுதிய?"

"பாறையைக் காணோம் அக்கா..."

"இதுக்கா அழுதிய? காத்து மாறுனா மணலு மூடும், பெறவு தொறக்கும். அதைப் பாத்துத்தானே நாங்க காத்து மாறிட்டுன்னே சொல்லுவோம்!"

நாலு பேர் மம்பட்டியோடு வந்து தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் பாறை தட்டுப்பட்டது. எந்தக் காற்றில் எந்தப் பக்கம் வெளியே தெரியும், எங்கே மீன் ஒதுங்கும் என்று லூர்தம்மாள் அக்கா சொல்லிக்கொண்டே போக, அதிகாரி குறிப்பெடுத்தார். என் வேலையும் நீடித்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: இனிமேல் கூட்டங்களில் ஊர்க்காரர்கள் பேசுவார்கள், நான் எழுதிக்கொள்வேன்.

போன வருஷம் வீட்டில் மாடி எடுத்தோம். கம்பி லாரி வாசலில் வந்து நின்றதும், தெருவுக்கே கேட்கும்படி வாப்பா கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, பைய வெளிய வா! இரும்புத் தாது வந்து எறங்கியிருக்கு. எந்தக் காலத்துதுன்னு பாத்துச் சொல்லு!"