ஒன்பது திரைச் சுவரும் ஒரு மடிக்கணினியும்

வாழ்க சுவரகலத் திரைவேந்தன்! வாழ்க குளிரறைக் கோமான், தோற்றாலும் தோள் தட்டும் தீரன், வரைகலைப் பிரிவின் தனிப்பெருந் தலைவன்! மின்சாரமே, அவன் புகழ் பாடி முடிக்கும் மட்டும் நீ போகாதிருப்பாயாக.

ஒன்பது திரைகளை ஒட்டி எழுப்பிய நெடுஞ்சுவர் அது. திரைக்கொன்றாக ஒன்பது கணினிகள். ஒரே காட்சியைக் கூறு போட்டு ஆளுக்கொரு கூறு தீட்டும் அவற்றுக்கு அறம் ஒன்றே: கடைசி ஆள் தீட்டி முடிக்கும்வரை எவரும் தம் படத்தைக் காட்டார். அன்று காலை முதலாளி வருகிறார். காட்சியிலுள்ள கழுகு சுவரில் சீராகப் பறந்தால் புதுக் கிளையின் தலைமை நம் வேந்தனுக்கு. இல்லையேல் அவன் உதவியாளருக்கு. கழுகோ, முட்டிவலிக்காரர் படியேறுவதுபோல் நின்று நின்று பறந்தது.

வெகுண்டான் வேந்தன். கண் சிவந்து, கழுத்துப்பட்டை தோளில் புரள, கேபிள் கானகத்துள் தவழ்ந்து புகுந்து, ஒன்றாம் கணினியை அணைத்தெழுப்பி, இரண்டாவதன் வயிற்றைப் பிளந்து, மூன்றாவதன் தூசியை ஊதித் தன் கண்ணிலேயே வாங்கி, ஒன்பதாவதன் முன் மண்டியிட்டுக் கெட்ட வார்த்தைகளால் அருச்சித்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்கு ஒன்பது கூடமும் கோணல்.

உதவியாளரான பெண் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள்.

“சார், உங்க லேப்டாப்பையும் பத்தாவதா இதுல சேத்திருக்கீங்க. எல்லா மிஷினும் அதுக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்குது. அதை மட்டும் எடுத்துட்டா போதும்.”

உண்மைதான். சுவரில் ஓடுவது தன் மடியிலும் ஓட வேண்டுமென்ற ஆசையால், அந்த அரதப்பழசை அவனே அணியில் சேர்த்திருந்தான். ஆனால் அவள் சொல்லி அவன் கேட்பதா?

“என் லேப்டாப் இல்லாம இந்தச் சுவரே இல்ல. மிஷினெல்லாம் சூடாயிருக்கு, அவ்வளவுதான். ஃபேனைக் கொண்டாங்க” என்று முழங்கினான் மாவீரன்.

விசிறி வந்தது, செருக இடமில்லை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கியெறிந்து, அந்தப் பிளக்கில் விசிறியைச் செருகி, இடுப்பில் கைவைத்து வெற்றிக்காற்று வாங்கினான் மடையன்.

கதவு திறந்தது. முதலாளி எழுந்தருளினார். அக்கணமே சார்ஜ் தீர்ந்த மடிக்கணினி கண்மூடியது. ஒன்பது கணினிகளும் அறம் பிறழாமல் அந்தச் செத்தவனுக்காகக் காத்து நின்றன. விரித்த சிறகோடு கழுகு வானத்தில் உறைந்தது. அதன்கீழே, விசிறிக் காற்றில் தலைமயிர் பறக்க, வாய் பிளந்து நின்றான் திரைவேந்தன். புகழ் பாட வந்த எனக்கு இரக்கம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

முதலாளி சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஒரு போட்டோவுக்கு எதுக்குப்பா ஒன்பது கம்ப்யூட்டர்?” என்று கேட்டார். புதுக் கிளைக்குத் தலைமையேற்க அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்.