திண்டுக்கல்லில் நின்ற கப்பல்

கடலை விட்டு வந்த பிறகும் கப்பலை விட்டு இறங்காத ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மீசை முளைத்ததும் கப்பல்படைக்கு ஓடிப்போய், கொச்சி, விசாகப்பட்டினம், பம்பாய் என்று உப்புத் தண்ணீரில் ஊறி, தோளில் பட்டை ஏறி, ஊரே 'ஆபீசர்' என்று எழுந்து நிற்கும்படி உயர்ந்து, கடைசியில் குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் திண்டுக்கல்லில் வந்து வீடு கட்டி, அதையும் மிதக்கவிடப் பார்ப்பவர்கள். கமாண்டர் பொன்னழகு அந்த இனத்தில் முதல் தரம்.

வாசலில் வெண்கல மணி ஒன்று தொங்கும். மணி அடிப்பது சாமிக்கு என்றுதான் நமக்குத் தெரியும். அங்கே சாம்பாருக்கு அடிக்கும். ஓய்ந்த பிறகு வருகிறவருக்குச் சோறு கிடையாது. தண்ணீர் வண்டிக்காரனிடம், "ஸ்டார்போர்ட் பக்கம் திருப்பு" என்பார்.

"மாடு இங்கிலீசு படிக்கலையே சாமி. சோத்தாங்கைப் பக்கம்னு சொல்லுங்க" என்பான் அவன்.

சம்சாரம் அங்கம்மாள், லீவில் வரும்போதெல்லாம் விருந்தாளிதானே என்று பொறுத்துக்கொண்டவள். இப்போது விருந்தாளி போகவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வாள்? மகள் தமிழ்மதியைப் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையை நகத்தைக் காட்டச் சொன்னார். இன்னொருவனை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். இரண்டு இடமும் போயிற்று. மூன்றாவது, ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி கண்ணுசாமியின் மகன். தமிழ்மதிக்கும் பிடித்த இடம். இதுவும் தவறினால் பிள்ளை உடைந்துபோவாள் என்று அங்கம்மாள் பழனி முருகனுக்குக் காசு முடிந்து வைத்திருந்தாள்.

கமாண்டர் குறித்த நேரம், வெள்ளிக்கிழமை பதினொரு மணி.

"அது ராகுகாலமுல்ல? பன்னெண்டு கழியட்டுமே."

"கடலுக்கு ஏது ராகுகாலம்?"

"கடலுக்குக் கல்யாணம் ஆகணுமா என்ன?"

அன்றைக்குக் கண்ணுசாமி வீட்டார் முன்னதாகவே வந்துவிட்டார்கள். ராகுகாலத்தில் பெண் வீட்டுப் படி ஏறுவானா மனுஷன்? தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து நல்ல நேரம் பார்த்திருந்தார்கள். பதினொன்று அடித்தது. கமாண்டர் வாசல் கேட்டைப் பூட்டினார். சாவி சட்டைப் பைக்குள் போயிற்று.

பன்னிரண்டு கழிந்ததும் பழத்தட்டும் நிலக்கோட்டை மல்லிகையுமாகக் கண்ணுசாமி வந்து நின்றார். "ஏனுங்க, கதவத் தொறங்க."

"லேட். கப்பல் புறப்பட்டாச்சு."

"கப்பல் போனாப் போகட்டுங்க. பொண்ணு இருக்குதுங்களா?"

கமாண்டர் விறைத்து நின்றார்.

அடுப்படியில் அங்கம்மாளுக்குக் கேட்டது. கேசரிச் சட்டியைத் துணியில் கட்டினாள், மகள் கையைப் பிடித்தாள், பின்கதவு வழியாக இறங்கிச் பின்சந்தில் சுற்றித் தெருவுக்கு வந்து மெல்லக் கூப்பிட்டாள்: "அண்ணே, பக்கத்துத் தெருப் பிள்ளையாருகிட்ட வாங்க. அவருக்குக் கதவே கெடையாது."

அரசமரத்தடியில் பையன் பெண்ணைப் பார்த்தான். பெண்ணும் பார்த்தாள். பூ வைத்தார்கள்.

இங்கே கமாண்டர் சாப்பாட்டு மணி அடித்தார். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தார். சமைத்தவளே இல்லாத வீட்டில் விடாமல் அடித்தார்.

"பூ வைக்கையில மணிச்சத்தம். நல்ல சகுனமுங்க" என்று கண்ணுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கப்பலையே பார்க்காதவர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் மணி தொங்குகிறதா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோகிறதா? அப்படியானால் செத்த நேரம் எழுந்து போய்ப் பின்கதவைப் பாருங்கள். திறந்துதான் கிடக்கும்.