உள்பக்கமா, வெளிப்பக்கமா

திருத்தணி,
சித்திரை, வெள்ளிக்கிழமை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் முரளிதரன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் ஜெயம்மாளின் கணவன் துளசிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. ஓசூரில் நீங்களும் வீட்டில் தங்கச்சியும் குழந்தைகளும் தணிகேசன் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அக்காவும் இருக்கிறோம். ‘சுகமாக’ என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், காரணம் கீழே வருகிறது. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள், குடும்ப வாட்ஸாப் குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டீர்கள். தபால்காரரை மட்டும்தான் உங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் பள்ளிப்பட்டுக் கல்யாணத்தில் எடுத்த போட்டோ ஒன்றைக் குழுவில் போட்டார்கள். மேற்படி போட்டோவில் உங்கள் அக்கா பந்தியில் உட்கார்ந்து இலையில் இருக்கும் ஜாங்கிரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணுக்கு ஒன்றாகக் கீழே இரண்டு பை தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் எனக்குப் போன் செய்து, “இன்னா பாவா, எங்க அக்காவ இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? அழுது அழுது கண்ணு வீங்கிப்போய் கீது!” என்றீர்கள். “அவ அழறதே இல்ல மச்சான்” என்று நான் சொன்னது சத்தியமாக எனக்குத் தெரிந்த உண்மை. நீங்கள் நம்பவில்லை. திட்டியதையெல்லாம் குரல் பதிவாகக் குழுவிலும் போட்டீர்கள். அது அம்மையார்குப்பம் போய், அரக்கோணம் போய், கடைசியில் என் மாவு மில்லுக்கே வந்து சேர்ந்தது. எங்கள் மகன் தணிகைமணி டெங்குக் காய்ச்சலில் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தச் சமயத்தில் அவள் கண் வீங்கியிருந்தால் பெற்ற வயிறு என்றிருப்பார்கள். மூன்று வருஷம் கழித்து வீங்கினால் அது புருஷன் செய்த கொடுமை என்று ஊரே முடிவு செய்துவிட்டது. தெருக்கோடி கௌரியம்மாள் அரைக்கக் கொண்டுவந்த கேழ்வரகைத் திரும்பத் தலையில் தூக்கிக்கொண்டு, “பொண்டாட்டிய அழ வெக்கறவன் மில்லுல என் கேவுரு அரைய வாணாம்” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். இருபது வருஷ வாடிக்கை.

இந்தப் பை உங்கள் வம்சத்துச் சொத்து என்பதை இங்கே பணிவுடன் தெரிவிக்கிறேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் மாமனார் படத்தைப் பாருங்கள். அப்படியே கண்ணாடியையும் பாருங்கள். ஆனால் அதைச் சொல்லி யார் வாயை அடைக்க முடியும்? வைத்தியத்தில் இறங்கினோம். உருளைக்கிழங்கை வெட்டிக் கண்மேல் வைத்தாள். டீத்தூளை ஈரத்துணியில் கட்டி வைத்தாள், பை அப்படியே இருந்தது, கன்னம் பழுப்பானது. யாரோ மலைக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். நான் மொட்டை போட்டுக்கொண்டேன், மீசையையும் எடுத்துவிட்டார்கள். திருத்தணியில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பின்னால் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மழித்த தலையோடு நானும் வீங்கிய கண்ணோடு அவளும் நின்றதைப் பார்த்து, சீட்டு எழுதும் பெண் எழுந்து நின்று, “யாரு சார் தவறிட்டாங்க?” என்று மெதுவாகக் கேட்டாள். “யாரும் இல்லம்மா, வேண்டுதல்” என்றேன். ஜெயம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை அப்போது எனக்குப் புரியவில்லை.

முதலில் உள்ளூர்க் கண் டாக்டர் சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. கண்ணுக்குக் கீழே எல்லோருக்கும் கொஞ்சம் கொழுப்பு உண்டாம், அதைத் தாங்கும் தசை தளர்ந்ததால் முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிட்டதாம், ஆபரேஷன் செய்தால்தான் போகுமாம். ஆவடியில் இருக்கும் எங்கள் மகள் விஜி வந்து நின்றாள். பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டர் தெலுங்கும் தமிழும் கலந்து, வெளிப்பக்கம்தான் சரி என்றார். கீழ் இமை மயிருக்கு அடியிலேயே மெல்லிசாகக் கீறி, தோலைத் தூக்கி, கொழுப்பை எடுத்து, மிச்சமாகத் தொங்கும் தோலையும் கத்தரித்துத் தைத்துவிடுவாராம். தழும்பு இமையோரத்தில் மறைந்துவிடுமாம். இமை தளர்ந்தவர்களுக்கு மட்டும் சில சமயம் கீழே இழுத்துக்கொண்டு வெள்ளை விழி தெரியலாம், கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழியலாம் என்றும் சொன்னார். விஜிக்கு அது பிடிக்கவில்லை. சென்னையில் ஒரு லேடி டாக்டர் உள்பக்கமாகச் செய்கிறார், இமையைத் திருப்பி உள்ளே இருக்கும் சிவப்புச் சதையில் கீறிக் கொழுப்பை எடுப்பார், வெளியே தழும்பே இருக்காது என்றாள்.

எனக்கு வெளிப்பக்கம்தான் நியாயமாகப் பட்டது. “சாக்குலருந்து மாவக் கொட்டிட்டா சாக்கு தொங்கும் இல்ல? தொங்கறத வெட்டித் தெக்கணும் இல்ல?” என்று கேட்டேன். “நைனா, அம்மா மூஞ்சி சாக்கா?” என்று விஜி கத்தினாள். ஒரு வாரம் வீட்டில் உள்பக்கக் கட்சி, வெளிப்பக்கக் கட்சி என்று சண்டை நடந்தது. கண்ணுக்குச் சொந்தக்காரி சோறு போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். வெளிப்பக்கம் செய்து, இமை இழுத்துக்கொண்டு, ராப்பகலாகத் தண்ணீர் வழிந்து, அதையும் யாராவது போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினால் என் கதி என்ன என்று எனக்கும் தோன்றியது. சரி, சென்னை டாக்டரையும் பார்த்துவிடலாம் என்றேன்.

அந்த டாக்டர் அம்மாள் பொறுமைசாலி. ஜெயம்மாளின் கீழ் இமையை விரலால் முன்னால் இழுத்து விட்டார். அது உடனே ஒட்டவில்லை, யோசித்து யோசித்துப் போய் ஒட்டியது. “இமை தளர்ந்திருக்கு. வெளிப்பக்கம் செஞ்சா கீழ இழுக்க வாய்ப்பு கூட. உள்பக்கம் செஞ்சா அந்தப் பயம் குறைவு, ஆனா சுருக்கம் கொஞ்சம் அப்படியேதான் இருக்கும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். பிறகு வழக்கமான கேள்விகள். சர்க்கரை உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, தூக்கம் வருகிறதா. “கண்ணுல அடிக்கடி தண்ணி வருமா?” என்று கேட்டார்.

“தண்ணி வராது மேடம். அழுவேன்” என்றாள் ஜெயம்மாள்.

நான், “அதெல்லாம் இல்லங்க” என்றேன்.

“தினமும் அழுவேன். காலைல பத்து மணிக்கு வூட்டு முன்னால இருக்கற மில்ல இவரு போடுவாரு. சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நான் உள்ள ஒக்காந்து அழுதுட்டு, மூஞ்சி கழுவிகினு சோறு வடிப்பேன்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விஜியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கரண்ட் இல்லாத நாள்ல?” என்று டாக்டர் எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை.

“அன்னிக்கி அழறதில்ல மேடம். நெஞ்ச அடைக்கும். யார் மேலயாவது எரிஞ்சு விழுவேன்.”

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அழுவதற்கும் இந்தப் பைக்கும் சம்பந்தமே இல்லை, அழாதவர்களுக்கும் வரும் என்றார். ஆபரேஷன் கட்டாயம் இல்லை, இவருக்காகச் செய்துகொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். அதற்கு உங்கள் அக்கா சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். “எனக்காவத்தான் மேடம். என்னப் பாக்கறவங்கல்லாம் இவரத் திட்டறாங்க. எனக்குக் கேக்க சகிக்கல. இவரு அழ வெக்கல. அழ வெச்சவன் போயிட்டான். அத ஒவ்வொருத்தருக்கா என்னால சொல்லிகினு இருக்க முடியல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உள்பக்கமா வெளிப்பக்கமா, எது பண்ணா சீக்கிரம் அழலாம்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “உள்பக்கம்” என்றார். “வெளிய தையல் கிடையாது. சில நாள் பொறுத்தாப் போதும்.”

“அப்ப உள்பக்கமே வைங்க.”

மைத்துனர் அவர்களே, இப்படித்தான் அந்த விவகாரம் முடிவானது. தணிகைமணி பேரை நாங்கள் இருவருமே வீட்டில் சொல்வதில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லி நின்றதில்லை, தானாக நின்றுபோனது. எனக்கு ஆறிவிட்டது போல அவளுக்கும் ஆறியிருக்கும் என்று இருந்துவிட்டேன். திரும்பும் வழியில் அரக்கோணத்தில் ரயில் நின்றிருந்தபோது அவளாகவே, “நாளைக்கி மில்லு போடுவீங்க இல்ல?” என்று கேட்டாள். “ஆங்” என்றேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த சங்கடம் எந்த மில்காரனுக்கும் வந்திருக்காது. மில்லைப் போட்டால் அவள் அழுவாள். போடாவிட்டால் அவளால் அழ முடியாது. அமாவாசையன்று மில்லுக்கு விடுமுறை. அன்றும் போய்ப் பத்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். அரைக்க ஒரு படி தானியம்கூட இல்லை. வெறும் கல் ஓடினால் கல் தேயும் என்று எனக்குத் தெரியாதா? ஓடட்டும் என்று வாசலில் நின்றேன். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காரலாம் என்று கால் இரண்டு தடவை திரும்பியது. போகவில்லை. பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அந்த இடத்தையும் அவள் இழந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

பங்குனியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை. கண்ணைச் சுற்றி முதலில் கத்தரிக்காய் நிறம், அப்புறம் மஞ்சள், அப்புறம் சரியாகிவிட்டது. குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கொஞ்ச நாளைக்கு அழ வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மில்லை மூடிவிட்டேன். மிளகாய்த்தூள் அரைக்க வந்தவர்கள் கதவைத் தட்டி, “மோட்டர் ரிப்பேரா?” என்று கேட்டார்கள். “ஆமாங்க, ரிப்பேர்” என்றேன். டாக்டர் எல்லாம் சரி என்று சொன்ன மறுநாள் காலை பத்து மணிக்குத் திறந்தேன். இப்போது பை இல்லை. முகம் பத்து வயது குறைந்து இருக்கிறது, சுருக்கம் மட்டும் லேசாக உண்டு. அது தொங்கும் சாக்குதான் என்று விஜியிடம் நான் சொல்லவில்லை.

ஆகவே தாங்கள் என் மேல் சுமத்திய பழி டாக்டர் வாயாலேயே நீங்கிவிட்டது. தயவு செய்து இன்னொரு குரல் பதிவு போட்டு, ‘பாவா மேல் தப்பில்லை’ என்று குழுவில் தெரிவிக்கவும். அக்காவைப் பார்க்க இப்போதைக்கு நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். வந்தால் அழுகை வரும், பேச்சு வளரும். இங்கே ஒரு குறையும் இல்லை. தங்கச்சிக்கு என் அன்பும், குழந்தைகள் படிப்பிலும் உடம்பிலும் நன்றாக வர மலைமேல் இருப்பவனிடம் என் வேண்டுதலும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் கோபம் பாதி தணிந்த,
க. துளசிங்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று காலை கௌரியம்மாள் மறுபடியும் கேழ்வரகு எடுத்துக்கொண்டு வந்தார். கரண்ட் இல்லை, அரைக்க வந்த மற்றவர்களோடு அவரும் காத்துக்கொண்டிருந்தார். ஜெயம்மாள் அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். “இப்பத்தான் ஜெயா உன் மூஞ்சி தெளிவா இருக்குது. புள்ளைய மறந்துட்ட. அதான் நல்லது. எத்தினி நாளைக்கித்தான் அழுதுகினு இருக்கறது?”

உங்கள் அக்கா, “மறக்கலக்கா” என்றாள். அப்படியே கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னால் அழுதாள். அது இவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்குத் தெரியாது. வந்தவர்கள் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “தணிகைமணி” என்றேன். “இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றாள். என்னால் முடியவில்லை. எனக்கும் ஆறவில்லை மச்சான்.

மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். குரல் பதிவும் வேண்டாம். உடனே புறப்பட்டு வரவும். காய்ச்சல் வருவதற்கு முந்தின மாதம் அவன் வேலை விஷயமாக ஓசூர் வந்து உங்கள் வீட்டில் தங்கியிருந்தானே, அப்போது என்ன சாப்பிட்டான், எதற்குச் சிரித்தான், யாரைப் பற்றிப் பேசினான் என்று உங்கள் அக்காவுக்குக் கேட்க வேண்டுமாம். மூன்று வருஷமாகக் கேட்க நினைத்தாளாம். நீங்கள் அழுதுவிடுவீர்கள் என்று கேட்கவில்லையாம்.

நானும் கேட்க வேண்டும்.