தலையில் வைத்த கை

வரைபடம் வரைந்தவர்கள் விட்டுவிட்ட நாடுகளில் திடபுரியும் ஒன்று. அரசரை மக்களே தேர்ந்தெடுக்கும் நாடு. அங்கே எந்தச் சொல்லும் உறுதி செய்யப்பட்டால்தான் செல்லும். கடைத்தெருப் பேரமோ, நீதிமன்றச் சாட்சியமோ, கோயில் வேண்டுதலோ, சொல்பவர் தம் பிள்ளையின் தலையில் கை வைத்து "உறுதி" என்று சொல்ல வேண்டும். பொய்யாகச் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது. அதனால் அங்கே பொய் குறைவு. அரசருக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று.

முதலில், ஏரி நிறைந்திருக்கிறது என்று ஆணை வந்தது. உறுதி செய்யாதவர்களுக்கு அரிசி கிடையாது. வறண்ட ஏரிக்கரையில் நின்று எல்லோரும் உறுதி செய்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்த பவுனம்மாவும்தான் சொன்னாள். ஐந்து வயது மகள் மயிலாவுக்குச் சோறு வேண்டுமே. ஏரிதான் நிறைந்துவிட்டதே என்று தூர்வாரும் வேலை நின்றது. அடுத்து, விளைச்சல் அமோகம் என்றார்கள். அதுவும் உறுதியானதும் அரிசிக் கிடங்கைப் பூட்டினார்கள். மூன்றாவது ஆணை, நாட்டில் காய்ச்சலே இல்லை என்றது. பிள்ளைகள் சுகமாக இருந்தவர்கள் முந்திக்கொண்டு உறுதி செய்தார்கள். இல்லாத காய்ச்சலுக்கு மருந்து எதற்கு? மருத்துவச்சாலையையும் பூட்டி, சாவியை உறுதித்துறை அமைச்சர் இடுப்பில் செருகிக்கொண்டார். அடப் பாவிகளா!

மயிலாவுக்குக் காய்ச்சல் கண்டது. பவுனம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனை முற்றத்துக்கு ஓடினாள். மருத்துவச்சாலையைத் திறந்தால் போதும் என்று கெஞ்சினாள்.

அமைச்சர் தொண்டையைக் கனைத்தார். "நாடே உறுதி செய்துவிட்ட பிறகு, தனியொருவருக்குக் காய்ச்சல் இருப்பது சட்டவிரோதம். நீயும் உறுதி செய்துவிட்டு வீட்டுக்குப் போ."

பவுனம்மா மகளின் தலையில் கை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"தொட்டாலே கொதிக்குது சாமி. இந்தத் தலையில கை வெச்சு எப்படிப் பொய் சொல்வேன்? ஆணை போட்டது மகாராசா. அவரு புள்ள தலையில கை வெச்சு அவரே சொல்லட்டும். நான் பேசாமப் போயிடறேன்."

முற்றத்தில் கூடியிருந்தவர்கள் அரசரைத் திரும்பிப் பார்த்தார்கள். அரசருக்கு ஒரே மகன். அரசி சட்டென்று அவனைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். அரசர் மெல்லப் படியிறங்கி வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"எனக்கு ஒரு பிள்ளைதானா? இந்நாட்டுக் குடிமக்கள் அத்தனை பேரும் என் பிள்ளைகள் அல்லவா!"

சொல்லிவிட்டு மயிலாவின் தலையில் கை வைத்தார். சூடு தாங்காமல் விரல்கள் ஒருமுறை சுருங்கின.

"காய்ச்சல் இல்லை. உறுதி," என்றார்.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. கூட்டம் கைதட்டியது, சிலர் நெகிழ்ந்து அழக்கூடச் செய்தார்கள். பவுனம்மா மட்டும் மகளின் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மாலைக்குள் மயிலாவின் உடம்பு குளிர்ந்துவிட்டது. காய்ச்சல் இல்லை என்று அரசர் சொன்னது மெய்யாயிற்று என்று ஊரெங்கும் பறையறைந்தார்கள். பிள்ளையைப் புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில் பவுனம்மா அதைக் கேட்டாள். கூடவே இன்னொரு அறிவிப்பும் இருந்தது. அடுத்த வாரம் தேர்தல். வேட்பாளர்கள் தெருத்தெருவாக வந்து வாக்குறுதி தருவார்கள். குடிமக்கள் தவறாமல் தங்கள் பிள்ளைகளை அழைத்து வர வேண்டும்.