இருபது அடி அப்பா

ஜவ்வாது மலை,
திங்கட்கிழமை காலை.

அன்பு மகன் விஜயராஜுக்கு, உன் தாய் ரேணுகாதேவி நிறைந்த ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. நீயும் ரம்யாவும் சென்னையில் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "சரிம்மா, மீட்டிங்" என்கிறாய். தொடங்கிய வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்று கான்வென்ட்டில் எங்களை வளர்த்தார்கள். ஆகவே கடிதம். நேராக உட்கார்ந்து படி.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு, போன வருடம் நீ போளூரில் அடித்துக் கொண்டுவந்த இருபது அடி ஃப்ளெக்ஸ் பேனரையே மறுபடி வாசலில் கட்டச் சொல்லியிருந்தாய். உன் மாமனார் பஞ்சாட்சரம் உறவுக்காரர்களோடு வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போகிறாராம். நியாயம்தான். அதில் அப்பாவின் முகத்துக்கு அடுத்தபடி பெரிய முகம் அவருடையது. ஒரே ஒரு சிக்கல். பேனர் என்னிடம் இல்லை. அதற்காகத் தொலைந்துவிட்டது என்று நினைக்காதே. மலை முழுக்க இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்களெல்லாம் காரேறிய மறுநாள், பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்து காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரன் தீர்த்தகிரி வந்து, "ரேஞ்சரம்மா, ஐயா காத்துல அல்லாடுறாரு, இன்னா பண்ணலாங்க?" என்றான். அப்பா ஃபாரஸ்ட் ரேஞ்சர் வேலையை விட்டு எத்தனை வருடமானாலும் இவர்களுக்கு நான் ரேஞ்சரம்மாதான். அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. "எடுத்துட்டுப் போப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த மலையில் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லலாமா? இங்கே பஸ்ஸின் உடைந்த கண்ணாடி வெற்றிவேலின் டீக்கடையில் பலகாரப் பெட்டி. பள்ளிக்கூடம் தூக்கிப்போட்ட கரும்பலகை ஒரு வீட்டுக் கதவு. அந்த வீட்டுக்காரி அதில் பால் கணக்கு எழுதுகிறாள். ஓடாத ஃப்ரிட்ஜில் எலி புகாமல் சாமை. இவர்கள் கையில் இருபது அடி நல்ல கெட்டித் துணியைக் கொடுத்தால் மடித்து பீரோவிலா வைப்பார்கள்?

உன் போன் வந்த மறுநாளே குடையை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினேன். பழைய பஞ்சாயத்து டிவி அறை ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் பூட்டிக் கிடந்ததே, அதுதான். இப்போது அது பெண்கள் புளி தட்டும் கூடம். டிவி வைத்திருந்த இரும்புக் கூண்டில் ஒரு கோழி அடைகாக்கிறது. வாசலில் வெயிலில், வானத்தைப் பார்த்தபடி, மீசை முறுக்கோடு உன் அப்பா. உடம்பெல்லாம் புளி. நான் போட்ட சத்தத்தில் கோழி எழுந்துவிட்டது. மாதம்மாள் மட்டும் அசையவில்லை.

"மூஞ்சி மேல நாங்க காலு வெக்கலம்மா. புளி மட்டுந்தான்" என்றாள். "ஐயா மொறைக்கிறத பாத்துட்டு ஒரு கொரங்கு கிட்ட வர்றதில்ல. போன வருசம் பாதி புளி கொரங்குக்குப் போச்சு. இந்த வருசம் ஒரு கொட்ட போவல."

"உயிரோட இருந்தப்ப அவர் ஒரு குரங்கையும் விரட்டினதில்லையே, மாதம்மா."

"அப்ப சாய்வு நாற்காலி இருந்திச்சி. இப்பத்தான வேலைக்கு வந்துகீறாரு" என்றாள். அத்தனை பெண்களும் சிரித்தார்கள். கோழிகூடச் சிரித்தது போலத்தான் இருந்தது.

மற்றவர்களையும் கண்டுபிடித்தேன். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்து மட்டும் தீர்த்தகிரியின் ஆட்டுக் கொட்டகைக் கூரை. பக்ரீத்துக்கு ஆடு பிடிக்க வந்த வியாபாரி அதைப் படித்துவிட்டு, ஏதோ சீக்கு வந்து ஆடெல்லாம் செத்துப்போனதாக எண்ணித் திரும்பிப் போய்விட்டாராம். நீயும் ரம்யாவும் வெற்றிவேலின் டீக்கடையில் ஓடு போன இடத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். மழை பெய்தால் சரியாக உன் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அப்பாவுக்காக நீ அழுது நான் பார்த்தது அங்கேதான். உன் மாமனாரைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆனால் எழுதத் தொடங்கிவிட்டேன், முடிக்க வேண்டும். அவர் கிணற்றடியில் பெண்கள் குளிக்கிற மறைப்பில் இருக்கிறார். முதலில் உள்பக்கம் பார்த்திருந்தாராம். "குளிக்கிற எடத்துல இந்தாளு இன்னாத்துக்குப் பல்லக் காட்டிக்கினு கீறாரு?" என்று கேட்டு வெளிப்பக்கம் திருப்பிவிட்டார்கள். இப்போது வழியில் போகிறவர்கள் எல்லோருக்கும் கைகூப்புகிறார். தேர்தலுக்கு நிற்பவர் என்று நினைத்துச் சிலர் பதிலுக்குக் கும்பிடுகிறார்கள்.

அன்று மாலைக்குள் எல்லாம் என் வாசலுக்கு வந்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கொண்டுவந்தார்கள். தீர்த்தகிரி கோணி ஊசியும் நைலான் கயிறுமாக உட்கார்ந்து தைத்தான். தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, எதை எதோடு தைக்கிறான் என்று பார்க்கவில்லை. தூக்கிக் கட்டிய பிறகு பார்த்தால், 'கண்ணீர் அஞ்சலி'க்கு நேர் கீழே பல்லைக் காட்டியபடி உன் மாமனார். வருந்தும் உறவினர்கள் வரிசையில் உன் அப்பா. "யாரு போனா இன்னாம்மா, எல்லாம் ஒரே குடும்பந்தான?" என்கிறான் தீர்த்தகிரி! சம்பந்தி வந்து, தான் போய்விட்டதைத் தானே படித்தால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு காபி கொடுப்பது?

அதோடு விட்டதா? மறுநாள் விடியும்போதே குரங்குகள் குடும்பத்தோடு புளிக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு யார் சொன்னார்களோ. பெண்கள் புளியை அள்ளிக்கொண்டு நேராக என் கூடத்துக்குள் வந்தார்கள். மத்தியானம் கோடை மழை பிடித்துக்கொண்டது. கூரை போன ஆடுகள் எங்கே போகும்? அப்பாவின் ஆபீஸ் அறைக்கு வந்தன. ஒரு கிடா அவருடைய சாய்வு நாற்காலியில் படுத்து, அவரைப் போலவே அரைக்கண் மூடி அசைபோடுகிறது. மறைப்பு போய்விட்டதால் என் குளியலறை வாசலில் பெண்கள் வரிசை. முன்னால் நிற்பவளை இடிக்காமல் நில்லுங்கள் என்று அதட்டினேன். அதை மட்டும் கேட்டார்கள். "இதெல்லாம் என்ன அநியாயம், மாதம்மா?" என்றேன். அவள் ஒரு வருடமாக நான் பூட்டிவைத்திருந்த அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஜன்னலைத் தள்ளிவிட்டு, "வூடு சும்மாதான கீது, ரேஞ்சரம்மா? சும்மா கெடந்தா வூடு கெட்டுப்பூடும்" என்றாள். என் வீட்டையும் அந்தக் கரும்பலகை, ஃப்ரிட்ஜ் கணக்கில் சேர்த்துவிட்டாள், பார்த்தாயா!

ஆகவே தீர்மானித்துவிட்டேன். ஒரு வருடமாக நீ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்; உன்னோடு சென்னைக்கே வந்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வரும்போது சாமான் ஏற்ற ஒரு வேனும், அப்பாவுக்குப் புது பேனரும் கொண்டுவா. இந்த வீட்டை விற்றுவிடலாம். மரியாதை தெரியாத ஊரில் இனி ஒரு நாளும் இருக்க மாட்டேன். உனக்கும் ரம்யாவுக்கும் என் ஆசிகள். சம்பந்திக்கு என் நமஸ்காரத்தைச் சொல்; மற்ற எதையும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
கோ. ரேணுகாதேவி.

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் மணி மூன்றாகிவிட்டது. மத்தியானம் அந்தக் கிடா நினைவுநாளுக்கு நான் வைத்திருந்த வேட்டியைத் தின்றது. அதை விரட்டிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துப் பேனரின் தையலை நானே பிரித்து, அவரவர் பங்கை அவரவரிடம் கொடுத்துவிட்டேன். உன் அப்பாவை நானே கொண்டுபோய்ப் புளி வாசலில் விரித்தேன். அரை மணியில் ஒரு குரங்கு இல்லை. ஒரு வருடம் கழித்து அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன். மீசையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துவிட்டேன். வேலை செய்யும்போது மனிதர் லட்சணமாகத்தான் இருக்கிறார்.

வேன் வேண்டாம். வீட்டை விற்கிற பேச்சும் வேண்டாம். கூடத்தில் புளி இன்னும் இருக்கிறது, நீங்கள் வரும்போது வெளியே படுக்கப் பாய் கொண்டுவாருங்கள். ஆனால் பேனர் கட்டாயம் வேண்டும். அப்பாவுடையது அல்ல, என்னுடையது. தீர்த்தகிரியின் மரவள்ளிக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்குகிறது. ஐயாவைப் பார்த்துப் பன்றி பயப்படுவதில்லையாம். "ரேஞ்சரம்மா மொகத்தக் கட்னா போளூர் தாண்டித்தான் நிக்கும்" என்றான். அவனை நன்றாகத் திட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அப்பாவுடையதைவிட ஐந்து அடி பெரிதாக, கெட்டித் துணியில் அடி. ரேஷன் கார்டுக்கு எடுத்த படம் இருக்கிறதே, நீ பார்த்து அலறியது, அதைப் போடு. தப்பித்தவறி நான் சிரிக்கிற படத்தைப் போட்டுவிடாதே.